படபடம்மாவின் வண்டிச் சத்தம்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. சம்பளச் சீட்டில் அது பத்திரமாக இருக்கிறது. மற்ற இடத்திலெல்லாம் அவள் படபடம்மாதான். நகராட்சியில் உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர். ஹோட்டல் அடுப்படிக்குள் நுழைந்து, மூடியைத் திறந்து, மோந்து பார்த்து, தெர்மாமீட்டரைக் குத்தி, ஊரார் வயிற்றைக் காப்பாற்றுகிற உத்தியோகம். ஏன் இந்த வேலைக்கு வந்தாள் என்று கேட்டால் பெரிய கதை ஒன்றும் கிடையாது. பரீட்சை எழுதினாள், கிடைத்தது. கிடைத்த வேலையை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் மனுஷி முதலில் ஆளைப் பார்க்க மாட்டாள், ஃபிரிட்ஜைப் பார்ப்பாள். நாத்தனாருக்குக் கால் முறிந்து கட்டுப் போட்டிருந்த சமயம், நலம் விசாரிக்கப் போனவள் பால் எடுக்கிற சாக்கில் ஃபிரிட்ஜைத் திறந்தாள். பச்சைக்கறி மேல்தட்டில், சமைத்த சோறு கீழ்த்தட்டில். ரத்தம் சொட்டினால் எங்கே போய் விழும்? மொத்தத்தையும் வெளியே எடுத்துக் கழுவித் துடைத்து, சமைத்ததை மேலேயும் பச்சைக்கறியைக் கீழேயும் மாற்றி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

"அண்ணி, நீங்க என்னைப் பார்க்க வந்தீங்களா, என் ஃபிரிட்ஜைப் பார்க்க வந்தீங்களா?" என்று கட்டிலில் இருந்தபடியே நாத்தனார் கேட்டாள்.

"உன்னைத்தான் பார்த்துட்டேனே, நல்லாத்தான் இருக்க. இதுதான் நல்லா இல்ல."

அன்றிலிருந்து, அண்ணி வருகிறாள் என்று போன் வந்தால் அந்த வீட்டில் முதல் வேலை ஃபிரிட்ஜைக் கழுவுவதுதான். கோபம் எல்லாம் இல்லை. வாய்தான் அப்படி, மனசு வெள்ளை என்று எல்லாருக்கும் தெரியும்.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர்கள் சந்தித்ததே ஒரு சாப்பாட்டுத் தட்டுக்கு மேலேதான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தெரு இருக்கிறது. முழுக்கச் சாப்பாட்டுக் கடை. டிரைவர், கண்டக்டர், ஆஸ்பத்திரிக்கு வந்தவர், கல்லூரிப் பிள்ளைகள் என்று எந்நேரமும் ஜேஜே என்று கூட்டம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் அங்கே சோதனைக்குப் போனபோது, ஒரு கடையில் அவர் பசியோடு முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோனார். உள்ளே அடுப்படியைப் பார்த்துவிட்டு வந்தவள் நேராக அவரிடம் போய், "அதைச் சாப்பிடாதீங்க" என்றாள். அதுதான் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு. இன்றுவரை அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். சர்க்கரை வியாதி வந்தபிறகு அது இன்னும் கூடிப்போயிற்று.

இனி வண்டிக்கு வருவோம். அவளுடைய ஸ்கூட்டர் சைலன்ஸரில் எப்போதோ ஓட்டை விழுந்துவிட்டது. மூன்று தெரு தள்ளி வரும்போதே படபடபடவென்று கேட்கும். சாப்பாட்டுத் தெரு முனையில் டீக்கடை. அந்தக் கடைக்காரருக்கு 'ரேடியோ' என்று பெயர், எந்நேரமும் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். வண்டிச் சத்தம் கேட்டதும் அவர் பாட்டின் சத்தத்தைக் கூட்டுவார். அதைக் கேட்டு நாலு கடை தள்ளிக் கோழி பொரிக்கிறவன் சட்டியில் கரண்டியால் டங்கு டங்கு என்று தட்டுவான். வருஷம் முழுக்க இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் சென்ட் வாசனையுமாக அடுப்பு முன்னால் நிற்கிறவன், ஆகையால் தெருவுக்கே அவன் 'மாப்பிள்ளை'. மாப்பிள்ளையின் கரண்டிச் சத்தம் தெருக்கோடி மெஸ் வரைக்கும் போகும். உடனே மூடிகள் பாத்திரத்தில் ஏறும், தலைக்குத் தொப்பி வரும், அழுக்குத் துணி கூடைக்குப் போகும், சோப்பு கழுவுதொட்டிக்கு வரும். வண்டி வந்து நிற்கும்போது தெரு பெண் பார்க்க வருகிற வீடு போல இருக்கும்.

இந்தக் கூத்து படபடம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு நாள் வண்டிக் கண்ணாடியில் ரேடியோவின் கை பாட்டுப் பெட்டிக்குப் போவதைப் பார்த்துவிட்டாள். முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினாள். பாதியில் அவளே நிறுத்தினாள். யோசித்துப் பார்த்தால், சத்தமில்லாமல் போனால் ஒரு கடையைத்தான் பிடிக்கலாம், மற்றதெல்லாம் உஷாராகிவிடும். சத்தத்தோடு போனால் ஒரே நேரத்தில் மொத்தத் தெருவும் கையைக் கழுவுகிறது. அதற்கப்புறம் சைலன்ஸரை மாற்றும் பேச்சையே அவள் எடுக்கவில்லை. காய் வாங்கப் போனாலும் அந்தத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். லீவு நாளிலும் ஒரு ரவுண்டு. இறங்கினால் சும்மா இருக்கவும் மாட்டாள். நகத்தைக் காட்டு, இந்தப் பலகையில கோழி, அந்தப் பலகையில காய், மூக்கைச் சொறிஞ்ச கையால மாவைத் தொடாதே என்று தொண்டை வறளக் கத்திவிட்டுத்தான் கிளம்புவாள். எந்தக் கடையிலும் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அந்தத் தெருவில் சாப்பிட்டு வயிறு கெட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் என்று ஒருத்தரும் வந்ததில்லை. உலகத்தில் அவளுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

அந்தப் பெருமையில் கல்லைப் போட வந்தார் புது சுகாதார அதிகாரி. சின்ன வயசு டாக்டர், நல்ல மனுஷர்தான், மரியாதையாகத்தான் பேசுவார். ஒரு நாள் மத்தியானம் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"அம்மா, எல்லாத் தெருவுலயும் அபராதம் இருக்கு, சீல் இருக்கு. உங்க சாப்பாட்டுத் தெருவுல மட்டும் வருஷக்கணக்கா ஒண்ணுமே இல்லையே. எப்படி?"

"சுத்தமா வச்சிருக்காங்க சார்."

"மத்த தெருக் கடைக்காரங்க வேற மாதிரி சொல்றாங்க. அந்தம்மா கண்டுக்கிறதில்லைன்னு சொல்றாங்க. சிலர் அதுக்கு மேலயும் சொல்றாங்க."

அதுக்கு மேல் என்றால் என்னவென்று அவளுக்குப் புரிந்தது. ஒரு மடக்குத் தண்ணீர்கூட வாங்காதவளைப் பார்த்து ஊர் இப்படிப் பேசுகிறதா என்று முகம் சிவந்துவிட்டது. அவர் அவசரமாகச் சொன்னார்: "நான் நம்பல. ஆனா நேர்ல பார்க்கணும். நாளைக்குக் காலையில நானும் வரேன். சரியா இருந்தா தெரு உங்ககிட்டயே இருக்கட்டும், யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. இல்லன்னா வேற ஆளுகிட்ட குடுத்துடறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"வாங்க சார்."

"ஜீப்புல வேணாம். ஜீப்பைப் பார்த்தா எல்லாரும் உஷாராயிடுவாங்க. உங்க வண்டியில பின்னாடி உட்கார்ந்து வந்துடறேன்."

ஊரிலேயே பெரிய எச்சரிக்கை மணி எதுவோ அதிலேயே ஏறி வருகிறேன் என்கிறார் மனுஷர். படபடம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு, "சரிங்க சார்" என்று எழுந்து வந்தாள். சிரிப்பு வந்ததா, நிம்மதி வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

சாயங்காலம் மெக்கானிக்கிடம் போனாள். பிரேக் பார்க்கச் சொல்லிக் காலையில் விட்டிருந்த வண்டி துடைத்து வைத்தபடி நின்றது. சாவியைத் திருகினாள். சத்தமே இல்லை. வண்டி கிளம்பியதா இல்லையா என்று குனிந்து பார்த்தாள்.

"கிளம்பிடுச்சுக்கா" என்றான் மெக்கானிக், வாயெல்லாம் பல்லாக. "சைலன்ஸர் மாத்திட்டேன். காசு வேணாம். எத்தனை வருஷமா நம்ம கடைக்கு வரீங்க, வண்டி இப்படிக் கத்துறது எனக்கே கேவலமா இருந்துச்சு."

அன்போடு செய்தவனை என்ன சொல்வது? நல்லா இருப்பா என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

அந்தச் சத்தத்தை நம்பி இன்னொரு இடமும் ஓடிக்கொண்டிருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது. வாசலில் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, உள்ளே போனாள். வழக்கமாக அவள் நுழையும்போது கூடம் பெருக்கியிருக்கும், பாத்திரம் கழுவியிருக்கும், அடுப்பில் டீத்தண்ணி கொதிக்கும். பஸ் ஓட்டினவர், நேரம் தவற மாட்டார் என்று அவள் மெச்சிக்கொள்வாள். இப்போது கூடத்தில் பேப்பர் இறைந்து கிடந்தது. கழுவாத தட்டு தொட்டியில் கிடந்தது. வீட்டுக்காரர் அடுப்படியில் முதுகைக் காட்டி நின்று ஜாம் பாட்டிலில் கரண்டியை விட்டு, நக்கி, அதே கரண்டியை மறுபடி பாட்டிலுக்குள் விட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க."

கையும் களவுமாக அகப்பட்டவர் திரும்பினார். மீசையில் ஜாம்.

"வண்டி என்ன ஆச்சு?" என்றார்.

"சர்க்கரையை வச்சுக்கிட்டு ஜாமா? அதுவும் எச்சில் கரண்டியை உள்ள விட்டு. இந்த வீட்டுல இருந்துக்கிட்டு. கடைக்காரன் செஞ்சா நான் என்ன பண்ணுவேன் தெரியுமா?"

"சீல் வைப்ப" என்றார் பாவமாக. "வண்டிச் சத்தம் கேக்கலையேம்மா. கேட்டிருந்தா எல்லாம் ஒழுங்கா இருந்திருக்கும்."

அவ்வளவுதான். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கட்டின புருஷனே சத்தத்துக்குத்தான் ஒழுங்காக இருந்திருக்கிறார். அப்படியென்றால் அந்தத் தெரு? இத்தனை வருஷம் தொண்டை வறளக் கத்தினதெல்லாம் யார் காதிலாவது ஏறியதா, இல்லை ஓட்டைச் சைலன்ஸர்தான் சம்பளம் வாங்கியதா? நாளைக் காலையில் அந்த டாக்டருக்கு மட்டுமா தெரியப்போகிறது, அவளுக்கே அல்லவா தெரியப்போகிறது. அவள் ஜாமை மறந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"இதுக்கா இப்படி இடிஞ்சு போய் உட்கார்ந்திருக்க?" என்றார் அவர். "ரேடியோகிட்ட நான் ஒரு போன் போட்டுடறேன். கதை முடிஞ்சுது."

"போடாதீங்க."

"தெரு போயிடும்மா."

"போனா போகட்டும். எனக்குத் தெரிஞ்சாகணும்."

சொல்லிவிட்டாளே தவிர, மறுநாள் காலையில் அலுவலகத்துக்குப் போகிற வழியில் வண்டி தானாக மெக்கானிக் கடை முன்னால் நின்றது. ஒரு போல்ட்டைத் தளர்த்தினால் போதும், பழைய சத்தம் வந்துவிடும். தெரு தப்பிக்கும், பேரும் தப்பிக்கும். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "என்னக்கா, பிரேக் இழுக்குதா?" என்றான். "இல்லப்பா, நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

டாக்டரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சாப்பாட்டுத் தெருவுக்குள் நுழைந்தபோது ஒரு ஈ காக்கைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ரேடியோ தோளில் கிடந்த துணியால் மேஜையைத் துடைத்து, அதே துணியால் டீ கிளாஸையும் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். எதிரே படபடம்மா. பேயைக் கண்டவர் போல வாயைத் திறந்தார், கை தானாகப் பாட்டுப் பெட்டிக்குப் போனது. அதற்குள் படபடம்மா பெட்டி மேல் தன் கையை வைத்துவிட்டாள்.

"வேணாம்ணே" என்றாள் மெதுவாக.

துணியைப் பிடுங்கிக் கூடையில் போட்டாள். அபராதச் சீட்டு எழுதி நீட்டினாள். இத்தனை வருஷத்தில் அவருக்கு அவள் எழுதிய முதல் சீட்டு. ரேடியோ அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவளுக்கும் மனசு கேட்கவில்லைதான், ஆனால் கை நிற்கவில்லை.

மாப்பிள்ளை கடையில் இன்னும் மோசம். சிவப்புப் பலகையில் கோழி, பச்சைப் பலகையில் காய், எல்லாம் அவள் சொன்னபடிதான். ஆனால் பின்வாசலில் ஐஸாக உறைந்த கோழி ஒரு வாளி நிறைய வெயிலில் இளகிக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டரைக் குத்தினாள், பார்த்தாள், டாக்டரிடம் காட்டினாள். பிறகு அதை யாரும் மறுபடி சமைக்காதபடி பினாயிலை எடுத்து வாளியில் ஊற்றச் சொல்லி, இன்றைக்குக் கடை கிடையாது என்று எழுதினாள். வெள்ளைச் சட்டை மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? எப்பவும் மாதிரி ஒரு சத்தம் குடுத்துட்டு வரக் கூடாதா?"

"என்ன சத்தம்?" என்றார் டாக்டர்.

மாப்பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டான். படபடம்மா சீட்டைக் கிழித்து அவன் கையில் கொடுத்துவிட்டு, "தெருக்கோடி மெஸ்ஸையும் பார்த்துட்டு எல்லாத்தையும் சொல்றேன் சார்" என்றாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.

மெஸ்ஸை நடத்துகிறவளைத் தெருவில் எல்லாரும் அக்கா என்பார்கள். கறாரான பேர்வழி. படபடம்மாவைப் பார்த்தால் முகம் கொடுத்துப் பேசமாட்டாள், வந்தா பார்த்துட்டுப் போங்க என்பதோடு சரி. அன்று சாப்பாட்டு நேரம் நெருங்கியும் மெஸ் பாதிதான் திறந்திருந்தது. வாசலில் நாலு பேர் பசியோடு முனகிக்கொண்டு நின்றார்கள். உள்ளே அக்கா மட்டும் தனியாக, தொப்பியும் போட்டுக்கொண்டு, வியர்த்து வழிய மூன்று அடுப்பையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்திரத்துக்கெல்லாம் மூடி. தொட்டியில் சோப்பு. ஃபிரிட்ஜில் சமைத்தது மேலே, பச்சைக்கறி கீழே.

"சமையல்காரர் எங்கே?" என்று டாக்டர் கேட்டார். அவர் யாரென்று அக்காவுக்குத் தெரியாது. யாரோ சாப்பிட வந்தவர் என்று நினைத்துவிட்டாள்.

"வீட்டுக்கு அனுப்பிட்டேன். வயித்தால போகுதாம் அவனுக்கு. இன்னிக்கு சோறும் ஒரு கறியும்தான், இருந்தா சாப்பிடுங்க, இல்லன்னா வேற கடை பாருங்க."

"வேலைக்குன்னு வந்துட்டார்ல, ஒதுங்கி நின்னு வேலை பார்த்திருக்கலாமே. இப்ப உங்களுக்கு வியாபாரம் பாதிதானே?" என்று டாக்டர் ஆழம் பார்த்தார்.

"பாதி என்ன, முக்காவாசி போச்சு. அதுக்கு என்ன பண்றது? வயித்துப்போக்கு வந்தவன், அது நின்ன பிறகும் ரெண்டு நாளைக்கு அடுப்படிப் பக்கம் வரக்கூடாதுன்னு அந்தம்மா கத்திட்டுப் போயிருக்கே. எப்பவோ சொன்னது. மனுஷி வாயை மூட மாட்டா, ஆனா சொன்னது நியாயம். நாலு பேர் பிள்ளைங்க சாப்பிடற இடம் இல்லையா?" என்று சொல்லிக்கொண்டே திரும்பினவள், வாசலில் நின்ற படபடம்மாவைப் பார்த்தாள். "உடம்புக்கு முடியலையாம்மா? வண்டிச் சத்தமே காணோமே, காலையிலேர்ந்து பார்த்துக்கிட்டே இருக்கேன்" என்றாள்.

படபடம்மாவுக்கு அந்தப் பேச்சை எப்போது சொன்னோம் என்றே ஞாபகம் இல்லை. கத்தின ஆயிரத்தில் அது ஒன்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கப் போன கையைப் பாதியில் நிறுத்தி, தொட்டியில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அப்புறம் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தத் தெருவில் ஒரு கடையில், "ஒரு வாய்த் தண்ணி குடும்மா" என்று கேட்டு வாங்கிக் குடித்தாள்.

வெளியே வந்து வண்டிப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னாள். ஓட்டைச் சைலன்ஸர், ரேடியோ, கரண்டி, எதையும் விடவில்லை. அவர் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அப்போ இத்தனை வருஷமும் நீங்க பண்ணது சோதனை இல்லம்மா, ஊர்வலம்."

"ஊர்வலம்தான் சார்" என்றாள் படபடம்மா, பழைய குரல் திரும்பி. "சத்தம் கேட்டு மூடினாலும் மூடி மூடிதானே? அன்னிக்குச் சாப்பிட்டவன் வயிறு கெடலையே. தப்புன்னா தெருவை எடுத்துக்குங்க. காசு வாங்கினேன்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது."

"அதை இனிமே யாரும் சொல்ல மாட்டாங்க. நீங்க அந்தக் கோழியில பினாயில் ஊத்தச் சொன்னதை நான் பார்த்தேன்" என்றார் அவர். குனிந்து புது சைலன்ஸரைப் பார்த்தார். "தெரு உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா வண்டியும் இப்படியே இருக்கட்டும். கத்துறது நீங்க மட்டும் கத்துங்க."

சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். நல்ல செய்தி சொல்ல வேண்டும் என்று வேகமாக உள்ளே போனவள் அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள். கூடம் பெருக்கியிருந்தது, பாத்திரம் கழுவியிருந்தது. வீட்டுக்காரர் முதுகைக் காட்டி நின்றார். ஜாம் பாட்டில் திறந்திருந்தது. சுத்தமான கரண்டி ஒன்றால் சுண்டைக்காய் அளவு எடுத்துத் தட்டில் வைத்தார். அந்தக் கரண்டியைத் தொட்டியில் போட்டார். பாட்டிலின் வாயைத் துடைத்து மூடினார். ஃபிரிட்ஜில் வைத்தார். பிறகு வேறொரு கரண்டியை எடுத்து, தட்டில் இருந்ததைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

அதைச் சாப்பிடாதீங்க என்று அவள் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அவள் திரும்பினாள். சத்தமில்லாமல் வாசலுக்கு வந்து, செருப்பைப் போட்டு, வண்டியைத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே ஏறி உட்கார்ந்து, வீடு வந்து சேரும் வரைக்கும் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே வந்தாள்.

"வந்துட்டியா?" என்று உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "டீத்தண்ணி கொதிக்குது, வா."